மூன்று குழாயிலும் அடைப்பு: அப்பாவுக்கு ஸ்டென்ட்டா, பைபாஸா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். அவருடைய தந்தைக்கு வயது 62. தனியார் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர். 16 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். நான்கு மாதங்களாக மாடிப்படி ஏறினாலோ, சாப்பிட்டவுடன் வேகமாக நடந்தாலோ நெஞ்சு இறுகுகிறது. நின்றுவிட்டால் சில நிமிடங்களில் சரியாகிவிடுகிறது. மணிக்கட்டு வழியாகச் செய்த ஆஞ்சியோகிராமில், இதயத்தின் முன்பக்கத்துக்குச் செல்லும் எல்.ஏ.டி. குழாயின் தொடக்கத்தில் 90 சதவீதமும், வலப்பக்கக் குழாயில் நீளமாக 80 சதவீதமும், மூன்றாவது குழாயின் கிளையில் 70 சதவீதமும் அடைப்பு இருப்பது தெரிந்தது. இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறனான பம்பிங் 48 சதவீதம், மூன்று மாதச் சராசரி சர்க்கரை 8.9, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.5.

முதல் மருத்துவமனை பைபாஸ்தான் சரி என்றது. இரண்டாவது மருத்துவமனையோ, "அறுக்காமலே நான்கு ஸ்டென்ட் வைத்துவிடலாம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம், ஆனால் தள்ளிப்போடாதீர்கள், இது டைம் பாம்" என்றது. சித்தப்பா ஒருவர் பத்தாண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பைபாஸ் முடிந்த நான்காம் நாள் இறந்துபோனார். உறவினர் ஒருவர், அடைப்பைக் கரைக்கும் சிகிச்சை என்று ஒரு விளம்பரத்தை அனுப்பியிருக்கிறார். தந்தையிடம் "சின்ன அடைப்புதான்" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள். "நெஞ்சைப் பிளக்க மட்டும் விடமாட்டேன்" என்று அவர் சொல்லிவிட்டார். எது நல்லது, கத்தியில்லாத வழி இருக்கும்போது எதற்காக அறுக்க வேண்டும், தந்தையிடம் சொல்லாதது தவறா என்பவை வாசகியின் கேள்விகள். தம்பிக்கும் சோதனை தேவையா என்று கடைசியில் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் என்னைப் பற்றி ஒன்று. நான் இதய மருத்துவன். ஸ்டென்ட் வைப்பது என் அன்றாட வேலை. கத்தி பிடிக்கும் அறுவை மருத்துவன் அல்லன். அப்படியிருந்தும் உங்கள் தந்தையைப் போன்ற ஒருவருக்கு, அதாவது நீண்டகாலச் சர்க்கரை நோயும், மூன்று குழாய்களிலும் அடைப்பும், எல்.ஏ.டி.யின் தொடக்கத்திலேயே பெரிய அடைப்பும் சேர்ந்திருக்கும் ஒருவருக்கு, அறுவை சிகிச்சையைத் தாங்கும் உடல்நிலை இருந்தால் பைபாஸையே முதல் தெரிவாகச் சொல்வேன். இங்குள்ள பெரும்பாலான இதய மருத்துவர்களும் வெளிநாட்டு வழிகாட்டு நெறிமுறைகளும் சொல்வதும் அதுவே. இனி அதன் காரணங்களையும், அது பொருந்தாமல் போகக்கூடிய இடங்களையும் சொல்கிறேன். நான் படத்தையும் பார்க்கவில்லை, உங்கள் தந்தையையும் பார்க்கவில்லை. ஆகவே இறுதி முடிவு அவரை நேரில் பார்க்கும் மருத்துவர்களிடம்தான் இருக்க வேண்டும்.

அவசரம் எவ்வளவு?

"டைம் பாம்" என்ற சொல் உங்களைத் தூங்கவிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர்கள் அந்தச் சொல்லைக் கைவிட்டால் நல்லது. நடக்கும்போது மட்டும் வந்து நின்றால் போய்விடுகிற, மாதக்கணக்கில் ஒரே அளவில் இருக்கிற நெஞ்சு இறுக்கம் நிலையான நோய். ஓய்வில் இருக்கும்போதே வருகிற, அல்லது நாளுக்கு நாள் கூடுகிற வலி நிலையற்றது. முன்னதற்கு யோசிக்க நேரம் உண்டு, பின்னதற்கு இல்லை. நிலையான நோயுள்ள 5,179 பேரிடம் பல நாடுகளில் நடந்து 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' என்ற ஆய்வில், உடனே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்துகொண்டவர்களுக்கும், முதலில் மாத்திரையில் இருந்து தேவைப்பட்டபோது மட்டும் செய்துகொண்டவர்களுக்கும் இடையே, ஏறத்தாழ மூன்றாண்டுகளில் உயிரிழப்பில் வேறுபாடு காணப்படவில்லை. எல்.ஏ.டி. பிரிந்து வரும் இடப்பக்கத் தலைமைக் குழாயில் கணிசமான அடைப்பு இருந்தவர்களும், பம்பிங் மிகவும் குறைந்தவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் தந்தையின் அறிக்கையில் தலைமைக் குழாய் இயல்பாக இருப்பதாகக் குறித்திருக்கிறார்கள். எனவே மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு மூன்று வாரம் எடுத்து விசாரித்து முடிவு செய்வதில் தவறில்லை. அதற்காக ஆறு மாதம் தள்ளிப்போடவும் கூடாது. எல்.ஏ.டி.யின் தொடக்கத்தில் 90 சதவீத அடைப்பும், சற்றே குறைந்த பம்பிங்கும் இருக்கும்போது வலி மட்டுமே நம் கவலை அல்ல.

ஸ்டென்ட்டும் பைபாஸும் செய்யும் வேலை ஒன்றல்ல

"ஒரே பலனைத் தரும் இரண்டு வழிகளில் வலி குறைந்ததைத் தேர்ந்தெடுப்பதுதானே அறிவு" என்று கேட்டிருக்கிறீர்கள். பலன் ஒன்றாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. உங்கள் தந்தையின் நிலையில் பலன் ஒன்றல்ல என்பதுதான் பிரச்சினை. ஸ்டென்ட் என்பது குறுகிய இடத்தைப் பலூனால் விரித்து, மறுபடி சுருங்காமலிருக்க வைக்கிற வலைக்குழாய். இன்று அடைத்திருக்கும் அந்த ஓரிரு சென்டிமீட்டரை மட்டும் அது சரிசெய்கிறது. சர்க்கரை நோயாளியின் குழாயிலோ அடைப்பு ஓரிடத்தில் நிற்பதில்லை. நெடுகிலும் கொழுப்புப் படிவு பரவியிருக்கும். ஸ்டென்ட் வைத்த இடத்துக்கு முன்னாலோ பின்னாலோ இரண்டாண்டு கழித்துப் புதிய அடைப்பு வரலாம். பைபாஸ், உங்கள் தந்தைக்குப் பழக்கமான புறவழிச்சாலையைப் போன்றது. ஊருக்குள் இன்று ஓரிடத்தில் நெரிசல், நாளை வேறோரிடத்தில் நெரிசல் என்றாலும், ஊரைச் சுற்றிப் போகிற வண்டிக்குக் கவலையில்லை. அடைப்புகளுக்கு அப்பால், நல்ல நிலையிலிருக்கும் பகுதியில் புதிய குழாயை இணைத்துவிடுவதால், இன்றுள்ள அடைப்போடு நாளை அந்த மேற்பகுதியில் வரக்கூடிய அடைப்பையும் அது கடந்துவிடுகிறது.

இதில் எந்தக் குழாயை எடுத்து இணைக்கிறார்கள் என்பதும் முக்கியம். நெஞ்செலும்பின் உட்புறத்தில் ஓடும் தமனியை எல்.ஏ.டி.யோடு இணைத்தால், பத்தாண்டுகளுக்குப் பிறகும் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் அது திறந்தே இருக்கிறது. காலிலிருந்து எடுக்கும் சிரைக்கு அந்த ஆயுள் இல்லை. பத்தாண்டில் ஏறத்தாழ பாதி அடைத்துவிடும். பைபாஸ் செய்தால் நோய் முடிந்தது என்று நினைப்பதும் தவறு என்பதற்கு இதுவே சான்று. ஸ்டென்ட்டானாலும் பைபாஸானாலும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் ஆஸ்பிரினும் சர்க்கரைக் கட்டுப்பாடும் ஆயுளுக்கும் தொடர வேண்டும்.

ஸ்டென்ட் புதியது, பைபாஸ் பழையது என்ற தொனியும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ரெனே ஃபவலோரோ கால் சிரையைக் கொண்டு பைபாஸ் செய்யத் தொடங்கியது 1967-இல். சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலில் பலூன் சிகிச்சை செய்தது 1977-இல். மனிதருக்கு முதல் ஸ்டென்ட் வைக்கப்பட்டது 1986-இல். இந்தியாவின் முதல் பைபாஸ் 1975-இல் நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தது. அன்றைய முறையிலேயே இன்றும் அறுக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இதயத்தை நிறுத்தி இயந்திரத்தில் இணைக்காமல், துடிக்கும்போதே இணைப்புப் போடும் முறையை நம் நாட்டு அறுவை மருத்துவர்கள் பலர் வழக்கமாகவே பின்பற்றுகிறார்கள். "இதயத்தை வெளியே எடுத்து வைப்பார்கள்" என்று உங்கள் தந்தை பயப்படுகிறாரே, அப்படி எதுவும் எந்த முறையிலும் நடப்பதில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

முதல் மாதக் கணக்கும் ஐந்தாண்டுக் கணக்கும்

முதல் மாதத்தை மட்டும் பார்த்தால் ஸ்டென்ட்டே வெல்லும். மணிக்கட்டில் ஊசி போட்ட தழும்போடு ஓரிரு நாளில் வீடு திரும்பி, ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்குப் போகலாம். பைபாஸ் அப்படியல்ல. இரண்டு மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, மொத்தம் ஒரு வாரம் அல்லது சற்றுக் கூடுதலாக மருத்துவமனை. நெஞ்செலும்பை எஃகுக் கம்பியால் இணைத்திருப்பார்கள். எலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது. சிரை எடுத்த காலில் வீக்கம் சில மாதம் இருக்கலாம். மூன்று நான்கு பேரில் ஒருவருக்கு முதல் வாரத்தில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி, மருந்தால் சரியாகும். சர்க்கரை அதிகமுள்ளவர்களுக்குக் காயத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். பலருக்குச் சில வாரம் மனச்சோர்வும் தூக்கமின்மையும் வருகின்றன. இதைப் பெரும்பாலும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, வீட்டார் பயந்துபோகிறார்கள். திட்டமிட்டுச் செய்யும் அறுவையில் உயிரிழப்பு நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று என்ற அளவில் இருக்கும். உங்கள் தந்தைக்கு அது எவ்வளவு என்பதை அவருடைய சிறுநீரகம், நுரையீரல், பம்பிங் ஆகியவற்றைப் பார்த்து அறுவை மருத்துவர் கணக்கிட்டுச் சொல்வார். கேளுங்கள்.

ஐந்தாண்டுக் கணக்கில் நிலைமை மாறுகிறது. சர்க்கரை நோயும் பல குழாய் அடைப்பும் உள்ள 1,900 பேரை இரு பிரிவாக்கிய 'ஃப்ரீடம்' ஆய்வின் முடிவு 2012-இல் வெளிவந்தது. ஐந்தாண்டுகளில் இறந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 16.3 சதவீதம், பைபாஸ் பிரிவில் 10.9 சதவீதம். மாரடைப்பு வந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 13.9, பைபாஸ் பிரிவில் 6.0. பக்கவாதம் மட்டும் தலைகீழாக, ஸ்டென்ட் பிரிவில் 2.4, பைபாஸ் பிரிவில் 5.2. இந்தக் கடைசி எண்ணைப் பைபாஸை வலியுறுத்துபவர்கள் மெல்ல விழுங்கிவிடுவதுண்டு. நீங்கள் விழுங்க வேண்டாம். அறுவைக்கு முன், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாய்களில் அடைப்பு உண்டா என்று பார்க்கும் டாப்ளர் சோதனை செய்தார்களா என்று கேட்பது அதனால்தான் அவசியம்.

அந்த ஆய்வில் பயன்பட்டவை பழைய தலைமுறை ஸ்டென்ட்டுகள், இன்றுள்ளவை மேம்பட்டவை என்று இரண்டாவது மருத்துவமனை சொல்லியிருந்தால், அது நியாயமான வாதம். புதிய ஸ்டென்ட்டுகளைக் கொண்டு, குழாயினுள் அழுத்தம் அளந்து தேவையான இடத்தில் மட்டும் வைத்த 'ஃபேம் 3' ஆய்வில், 1,500 பேரிடம் ஓராண்டில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், மறுசிகிச்சை ஆகிய நான்கும் சேர்ந்து ஸ்டென்ட் பக்கம் 10.6 சதவீதம், பைபாஸ் பக்கம் 6.9 சதவீதம். இடைவெளி முன்பைவிடச் சுருங்கியிருக்கிறது, மறையவில்லை. மேலும் அதில் சர்க்கரை நோயாளிகள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உங்கள் தந்தைக்கு நெருக்கமான சான்று இன்னும் பழைய ஆய்வுதான்.

சித்தப்பாவுக்கு ஒரே குழாயில் ஒரு ஸ்டென்ட், சர்க்கரை இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு ஸ்டென்ட்தான் சரியான சிகிச்சை. அது நன்றாக வேலை செய்ததில் வியப்பில்லை. பக்கத்து வீட்டுக்காரரை மாரடைப்புடன், மூச்சுத்திணறலோடு, இரவோடிரவாக அறுவைக்குக் கொண்டுபோனதாகவும் நீங்களே குறிப்பிடுகிறீர்கள். அந்த நிலையில் செய்யும் அறுவைக்கும் திட்டமிட்டுச் செய்யும் அறுவைக்கும் ஆபத்தில் பல மடங்கு வேறுபாடு உண்டு. இருவருடைய அனுபவமும் உண்மைதான்; உங்கள் தந்தைக்குப் பொருந்துவதாக எதுவுமில்லை.

எப்போது ஸ்டென்ட் பக்கம் சாய்வேன்?

கடுமையான நுரையீரல் நோய், முன்பே வந்த பக்கவாதம், சுண்ணாம்பு படிந்து இறுகிப்போன பெருந்தமனி, எடுக்கத் தகுதியில்லாத கால் சிரைகள், இணைப்புப் போட முடியாத அளவுக்கு மெலிந்த இதயக் குழாய்கள், எழுந்து நடமாட முடியாத தளர்ச்சி, ஆயுளைக் குறைக்கும் வேறு நோய் ஆகியவற்றில் எது இருந்தாலும் கணக்கு மாறும். எல்லாம் விளக்கிச் சொன்ன பிறகும் உங்கள் தந்தை அறுவை வேண்டாம் என்றால், ஸ்டென்ட் மோசமான தெரிவு அல்ல; இரண்டாவது தெரிவு, அவ்வளவுதான். அப்படியானால் நான்கையும் ஒரே நாளில் வைக்கத் தேவையில்லை. கிரியாட்டினின் 1.5 இருப்பவருக்குச் குழாய் படத்தில் தெரிவதற்கான சாய மருந்தை அதிகமாகச் செலுத்தினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பதால், இரண்டு தவணையாகச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அதன் பிறகு ஆஸ்பிரினோடு இன்னொரு ரத்த உறைதடுப்பு மாத்திரையும் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டியிருக்கும். பல் பிடுங்க வேண்டும் என்று யாரோ சொன்னதற்காக அதை நிறுத்தி, ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்து வந்தவர்களை நாங்கள் பார்க்கிறோம்.

கரைக்கும் சிகிச்சைகள்

உறவினர் அனுப்பிய விளம்பரத்தில் இரண்டு உள்ளன. கால்களில் பட்டை கட்டிக் காற்றழுத்தம் கொடுக்கும் இ.இ.சி.பி. சிகிச்சையை, நாளொன்றுக்கு ஒரு மணி வீதம் 35 மணி நேரம் கொடுப்பார்கள். ஸ்டென்ட்டும் வைக்க முடியாத, பைபாஸும் செய்ய முடியாத நோயாளிக்கு நெஞ்சுவலியைக் குறைக்க அது உதவலாம். அடைப்பைக் கரைக்காது, பைபாஸுக்கு மாற்றும் அல்ல. ரத்தக்குழாயில் மருந்து ஏற்றிச் சுண்ணாம்பை வெளியேற்றுவதாகச் சொல்லும் கீலேஷன், முன்பே மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, பலன் இல்லை என்று 2024-இல் முடிவு வந்தது. பணத்தைவிடவும் எனக்குக் கவலை தருவது, இவற்றை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள் என்பதே.

தந்தையிடம் மறைப்பது

நீங்கள் அன்பினால்தான் மறைத்தீர்கள், புரிகிறது. ஆனால் "சின்ன அடைப்பு" என்று சொல்லப்பட்ட ஒருவர், அதற்காக நெஞ்சைத் திறக்க ஏன் சம்மதிக்க வேண்டும்? அவருடைய மறுப்பு பிடிவாதம் அல்ல, அவருக்குக் கொடுக்கப்பட்ட தகவலுக்கு ஏற்ற முடிவு. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. சுயநினைவோடும் தெளிவோடும் இருக்கும் நோயாளிக்காக மகளோ மகனோ கையெழுத்திட்டுத் தருவது சம்மதம் ஆகாது. ஒரு சோதனைக்குக் கொடுத்த சம்மதத்தை வேறொரு சிகிச்சைக்கும் கொடுத்ததாகக் கொள்ள முடியாது, உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலன்றி என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இரண்டாவது மருத்துவமனை "இன்னொரு முறை ஆஞ்சியோ பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடலாம்" என்றதாக எழுதியிருக்கிறீர்களே, அங்கே நீட்டப்படும் படிவத்தில் சோதனைக்கும் ஸ்டென்ட்டுக்கும் சேர்த்துச் சம்மதம் கேட்டிருக்கிறதா என்று உங்கள் தந்தை படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். சோதனைக்கு மட்டும் சம்மதம் என்று எழுதும் உரிமை அவருக்கு உண்டு.

எப்படிச் சொல்வது என்று தயங்கினால், நீங்கள் சொல்ல வேண்டாம். அறுவை மருத்துவரைச் சந்திக்கும்போது தந்தையையும் உடன் அழைத்துச் சென்று, கணினித் திரையில் அந்த ஆஞ்சியோ படத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முப்பது ஆண்டு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டியவருக்கு எந்த இடத்தில் வழி குறுகியிருக்கிறது என்பது பார்த்தவுடன் புரியும். பைபாஸ் முடிந்து ஓராண்டு கடந்த ஒருவரோடு அரை மணி நேரம் பேச வைத்தால், எங்கள் பேச்சைவிட அதற்குப் பலன் அதிகம்.

இனி செய்ய வேண்டியவை

ஆஞ்சியோகிராம் பதிவான குறுந்தகட்டையும் அறிக்கைகளையும் எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுக்க விதி. அதைக் கொண்டு, இதய மருத்துவரும் இதய அறுவை மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் இடத்தில் மூன்றாவது கருத்துப் பெறுங்கள். மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் இரு துறைகளும் உள்ளன. 'சின்டாக்ஸ்' மதிப்பெண் எவ்வளவு என்று கேளுங்கள்; அடைப்பின் சிக்கலை அளக்கும் எண் அது. 22 வரை குறைவு, 33-உம் அதற்கு மேலும் அதிகம். ஆனால் மதிப்பெண் குறைவு என்பதாலேயே ஸ்டென்ட் போதும் என்று சர்க்கரை நோயாளிக்குச் சொல்லிவிட முடியாது.

செலவைப் பொறுத்தவரை, பெற்றோரின் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இரு சிகிச்சைகளுக்கும் வழியுண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை. முன் அனுமதி கிடைத்த பிறகு சேருங்கள். கையிலிருந்து கட்டுவதானால், ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரி முதல் அரசு நிர்ணயித்த உச்ச விலை இருப்பதையும், பில்லில் அதன் நிறுவனப் பெயரும் விலையும் தனியே காட்டப்பட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பைபாஸ் என்று முடிவானால், கிடைக்கும் வாரங்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதே காயம் ஆறுவதற்குப் பெரிய உதவி. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். அதை அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும், ரத்த உறைதடுப்பு மாத்திரையான க்ளோபிடோக்ரெலை ஐந்து நாள் முன்பு. ஆஸ்பிரினைப் பொதுவாகத் தொடரச் சொல்வார்கள். எதையும் நீங்களாக நிறுத்தாமல், சீட்டுகள் அனைத்தையும் மயக்கவியல் மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். அதுவரை நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை அவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். வலி வந்தால் உட்கார்ந்தபடி ஒன்று வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் விடவில்லை என்றாலோ, ஓய்வில் இருக்கும்போதே வந்தாலோ 108-ஐ அழையுங்கள். அப்போது ஸ்டென்ட்டா பைபாஸா என்ற விவாதத்தை ஒத்திவைத்துவிட்டு, அங்குள்ள மருத்துவர் அந்த நேரத்தில் சொல்வதைச் செய்யுங்கள்.

தம்பியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 34 வயதில் எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவருக்கு ஆஞ்சியோகிராமோ, முழு உடல் ஸ்கேனோ தேவையில்லை. தந்தைக்கு 55 வயதுக்கு முன் வந்திருந்தால்தான் அதைப் பரம்பரை ஆபத்தாகக் கூடுதல் கவனத்துடன் எடுத்துக்கொள்வோம், இங்கே அப்படியில்லை. ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் இந்த மாதமே பார்த்துவிடட்டும். தினமும் எட்டுப் பத்து சிகரெட் பிடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தச் சோதனைக்கும் முன்னால் அதை நிறுத்த வேண்டும். தானாக முடியவில்லை என்றால், நிகோட்டின் சூயிங்கமோ மாத்திரையோ எழுதித் தர எந்தப் பொது மருத்துவராலும் முடியும்.